வட்டம்: மயிலை – சாந்தோம் கடற்கரையில் நாணயமாற்றும் கூலிக்காசும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவகை நாணயத்தை மற்றொரு வகை நாணயமாக மாற்றும்போது கழிக்கப்படும் அல்லது கூட்டப்படும் தொகையைத் தமிழ் வணிக வழக்கு ‘வட்டம்’ என்னும் சொல்லால் குறித்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் 1835 வரை மயிலை, சாந்தோம், சென்னைப்பட்டினம் ஆகியவற்றை உள்ளடக்கிய கடற்கரையில் பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்று உலோக நாணயங்கள் ஒருங்கே வழங்கின. இவற்றுக்கிடையிலான மாற்று வீதம் நாள்தோறும் மாறியது. நல்ல வீதம் பெறுவதற்கு உலோகம், காலம், இடம் ஆகிய மூன்றையும் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு தேவைப்பட்டது என்பதையும், அவ்வாய்ப்பு பெருவணிகருக்கு இருந்து கடற்கரைக் கூலியாளருக்கு இல்லாமற்போனது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1818, 1835 ஆகிய ஆண்டுகளின் நாணயச் சீர்திருத்தங்கள் உள்ளூர் வட்டத்தைக் குறைத்தன; ஆயினும் கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளரிடம் அது வேறு வடிவில் தொடர்ந்ததை மலாயாச் சான்றின்வழிக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்

வட்டம், சராப்பு, வராகன், பணம், காசு, மசூலாப் படகு, சாந்தோம், நொச்சிக்குப்பம், நீரிணைக் குடியேற்ற டாலர்.

1. முன்னுரை

தென்னிந்திய நாணயவியல் ஆய்வுகள் பெரும்பாலும் நாணயத்தை அரசுரிமையின் அடையாளமாக அணுகியுள்ளன. பொறிப்பு, சின்னம், எடை, வெளியிட்ட அரசர் என்பனவே அவற்றின் முதன்மைப் பொருள்கள். நாணயம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறும்போது அதன் மதிப்பில் எவ்வளவு எஞ்சியது, யார் கையில் எஞ்சியது என்னும் வினா ஒப்பீட்டளவில் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. மாற்று வீதம் என்பது பொருளியலாரின் அட்டவணைக்கு உரியது என்று ஒதுக்கப்பட்டமை இதற்கு ஒரு காரணம்.

மாற்று வீதம் ஒரு சமூக உறவும் ஆகும். அறிவிக்கப்பட்ட வீதத்துக்கும் ஒருவர் கையில் பெறும் வீதத்துக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியின் அளவை அவரவர் செல்வாக்கும் அறிவும் காத்திருக்கும் வலிமையும் தீர்மானிக்கின்றன. இக்கருத்தை ஆராய்வதற்கு மயிலை – சாந்தோம் கடற்கரை பொருத்தமான களம். அயல்நாட்டு நாணயத்துடன் வந்திறங்கிய வணிகரும், அவரையும் அவர்தம் சரக்கையும் கரைசேர்த்துச் சில்லறைக் காசு பெற்ற படகோட்டியரும் ஒரே மணற்பரப்பில் எதிர்ப்பட்ட இடம் இது.

2. ஆய்வுக்களம்

இன்றைய நொச்சிக்குப்பம் சென்னைக் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மீனவர் குடியிருப்பு. மயிலாப்பூரின் கிழக்கெல்லையான இக்கடற்கரை, போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைகொண்ட சாந்தோமுக்கு அடுத்து அமைந்தது. 1662இல் சாந்தோம் கோல்கொண்டாவின் கைக்குச் சென்றது. 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, மீண்டும் கோல்கொண்டாவிடமும், 1687இல் அவ்வரசு வீழ்ந்தபின் முகலாயரிடமும் சேர்ந்தது. 1749இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். இரண்டு நூற்றாண்டு எல்லைக்குள் ஒரே கரையில் ஆட்சி இத்தனை முறை கைமாறியதால், பல அரசுகளின் நாணயங்கள் ஒரே சந்தையில் புழங்கின.

இக்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, அலைமுறியும் பரப்பைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும். மசூலாப் படகில் ஆணி அறைவதில்லை. பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தமையால் அலை மோதும்போது அது நெகிழ்ந்து கொடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமுக்கு வந்த வெனிசு நகரத்து வணிகர் செசாரே பெதெரிச்சி இத்தையல் படகுகளைப் பற்றி எழுதியுள்ளார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்படும் வரை, இக்கரைக்கு வந்த ஒவ்வொரு வெள்ளிப் பெட்டியும் கடற்கரை மீனவச் சமூகத்தாரின் துடுப்பு வலியாலேயே நிலம் தொட்டது. நாணயமாற்றின் வரலாற்றில் அவர்களுக்கு இடம் தருவதற்கு இதுவே போதிய காரணமாகும்.

3. மூன்று உலோகங்களும் ஒரு கணக்கும்

1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய சாசனத்தில் நாணயம் அச்சிடும் உரிமையும் அடங்கியிருந்தது. கம்பெனி தன் சொந்த நாட்டு நாணயத்தை இங்குப் புகுத்தவில்லை. விசயநகர மரபில் வந்த பொன் வராகனையே அச்சிட்டது. தேவியர் இருவருடன் திருமால் நிற்கும் ‘மூன்று சாமி வராகன்’ அவ்வாறு எழுந்தது. பின்னர் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒருபுறம் நட்சத்திரம் பொறித்த ‘நட்சத்திர வராகன்’ வழக்கில் வந்தது. அதன் எடை ஏறத்தாழ 3.4 கிராம். அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவே பொன். அயல்நாட்டு வணிகர் இங்குப் பொருள் வாங்க வேண்டுமாயின் இங்குள்ளோர் நம்பும் நாணயத்தையே கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இத்தேர்வு காட்டுகிறது.

வராகனுக்குக் கீழ் பணம், பணத்துக்குக் கீழ் செப்புக்காசு. 80 காசு ஒரு பணம் எனக் கொள்ளப்பட்டது. ஒரு வராகனுக்கு முன்னர் 36 பணம் என்றும், பின்னர் 42 பணம் என்றும் கம்பெனி கணக்கெழுதியது. 42 பணக் கணக்கின்படி ஒரு வராகன் 3,360 காசுக்குச் சமம். ரூபாய் இவ்வரிசையில் பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. முகலாயர் செல்வாக்கு விரிந்தபின் 1692இல் ரூபாய் அச்சிடும் இசைவைக் கம்பெனி பெற்றது. 1736இல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும், 1742இல் சென்னை ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு ரூபாய் அச்சிடும் உரிமையை நவாபிடமிருந்து பெற்றனர். கம்பெனிக் கணக்கில் 12 பணம் ஒரு ரூபாய். மூன்றரை ரூபாய் ஒரு வராகன்.

ஏட்டில் ஒழுங்காகத் தோன்றும் இவ்வாய்பாடு சந்தையில் நிலைத்து நிற்கவில்லை. பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்றின் விலையும் தனித்தனிக் காரணங்களால் ஏறி இறங்கின. வெள்ளியின் வரத்து தென்னமெரிக்கச் சுரங்கங்களையும் ஐரோப்பியக் கப்பல்களையும் சார்ந்திருந்தது. செம்பின் வரத்து யப்பானையும் பின்னாளில் இங்கிலாந்தையும் சார்ந்திருந்தது. ஆகவே 42 பணம் என்னும் ஏட்டு வீதத்துக்குக் கீழும் மேலும் சந்தை வீதம் அசைந்தது; 45 பணம் வரையிலும் ஏறியதுண்டு. ஏட்டு வீதத்துக்கும் சந்தை வீதத்துக்கும் இடையிலான இந்த அசைவிலேயே சராப்புகளின் தொழில் நிலைபெற்றது.

4. சராப்பு, நோட்டம், வட்டம்

நாணயத்தின் தரம் ஆராய்வதும் மாற்றுவதும் தமிழகத்தில் அயலார் வருகைக்கு முந்திய தொழில்கள். சங்க நூல்களில் புலவர் பெயரோடு வரும் ‘வண்ணக்கன்’ என்னும் அடை நாணயத் தரம் காண்போரைக் குறிப்பதாக உரைகாரர் கொள்வர். பொன்னின் தூய்மையை ‘மாற்று’ என்னும் அலகால் அளந்து, தூய பொன்னைப் பத்தரை மாற்று என்றனர். நாணயத்தை உரைத்தும் தட்டியும் எடையிட்டும் ஆராய்தல் ‘நோட்டம்’ எனப்பட்டது. பாரசீக, அரபு வணிகத் தொடர்பால் வந்த ‘சராப்பு’ என்னும் சொல், நோட்டமும் மாற்றும் செய்து கடனும் கொடுத்தவரைக் குறித்தது. ‘காசுக்கடைத் தெரு’ என்னும் பெயர் தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் எஞ்சியிருப்பது இத்தொழிலின் பரவலுக்குச் சான்று.

சராப்பின் வருவாய் மூன்று வாயில்களில் வந்தது. முதலாவது, நோட்டக்கூலி. இரண்டாவது, வாங்கும் வீதத்துக்கும் விற்கும் வீதத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு. மூன்றாவது, தேய்மானம், பழமை, வேற்றூர் முத்திரை ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கழிக்கும் வட்டம். முதலிரண்டும் வெளிப்படையானவை. மூன்றாவது, நோட்டம் அறியாதவரால் மறுக்க இயலாதது. ஒரே எடையும் ஒரே தரமும் உடைய இரண்டு ரூபாய்களில் ஒன்று பழைய ஆண்டினது என்னும் காரணத்தாலேயே குறைத்து மதிக்கப்பட்டது.

இவ்வழக்கத்துக்கு நாணயச்சாலைகள் கண்ட மறுமொழி கவனத்துக்குரியது. சென்னையில் அச்சிடப்பட்ட ஆர்க்காட்டு ரூபாய்கள் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும், ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டையும், அவரது ஆறாம் ஆட்சியாண்டையும் தாங்கின. அப்பேரரசர் 1759இல் இறந்த பின்னரும் அதே பெயரும் அதே ஆண்டும் 19ஆம் நூற்றாண்டு வரை பொறிக்கப்பட்டு வந்தன. வங்காளத்திலும் இரண்டாம் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு இவ்வாறே நிலைநிறுத்தப்பட்டது. ஆண்டு மாறாவிடின் ‘பழைய நாணயம்’ என்று வட்டம் கழிக்க வழியில்லை. வரலாற்றாய்வாளருக்குக் காலக் குழப்பமாகத் தோன்றும் இப்பொறிப்பு, பயன்படுத்துவோர் நோக்கில் ஒரு பாதுகாப்பாகவே அமைந்தது.

சராப்புகளைச் சுரண்டுவோர் என்று மட்டும் மதிப்பிடுவது பிழையாகும். பல உலோகங்களும் பல முத்திரைகளும் கலந்த சந்தையில் தரம் உறுதிசெய்யும் பணி இன்றியமையாதது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இக்கரைக்கு வந்த பிரெஞ்சு மணிக்கல் வணிகர் தவர்னியே, இந்தியச் சராப்புகளின் கூர்மைக்கு முன் மேற்காசிய நாணயமாற்றாளர் பயிற்சி நிலையினரே என்னும் பொருள்பட எழுதினார். வியப்போடு எச்சரிக்கையும் கலந்த அம்மதிப்பீடு, அறிவே இத்தொழிலின் முதல் என்பதை உணர்த்துகிறது.

5. நல்ல வீதம் பெற்றோர்

வந்திறங்கிய வணிகர் வட்டத்தை எவ்வாறு குறைத்தனர்? ஆவணங்களும் பயண நூல்களும் தரும் செய்திகளை மூன்று வகைப்படுத்தலாம்.

முதலாவது, உலோகத் தேர்வு. எந்த நாணயத்தைக் கொண்டுவருவது என்பதை வணிகர் புறப்படும் முன்னரே முடிவுசெய்தனர். வெனிசு நகரத்து மணிக்கல் வணிகர் கசுபாரோ பால்பி 1579 முதல் 1588 வரை மேற்கொண்ட பயணத்தில் சாந்தோமுக்கும் வந்தார். 1590இல் வெளியான அவரது நூல், ஊர்தோறும் வழங்கிய நாணயம், நிறை, மாற்று வீதம் ஆகியவற்றைத் தொகுத்தளிக்கும் வணிகக் கையேடாகவும் விளங்குகிறது. நாணயமே வேண்டாம் என்று முடிவுசெய்வதும் ஒரு தேர்வுதான். ஐரோப்பாவிலிருந்து பவழம் கொண்டுவந்து விற்று, அத்தொகைக்கு வைரம் வாங்கி அனுப்பிய வணிகர், நாணயமாற்றை இரு முனைகளிலும் தவிர்த்தனர். சென்னையின் பவழக்காரத் தெரு அவ்வணிகத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது. கம்பெனி ஊழியரும் தாம் ஈட்டிய பொருளை இலண்டனுக்கு அனுப்ப வைரத்தையும் மாற்றுச் சீட்டுகளையும் பயன்படுத்தினர்.

இரண்டாவது, காலத் தேர்வு. வெள்ளிப் பெட்டிகளுடன் கப்பல்கள் வந்தபோது வெள்ளி மலிந்தது. சீன வணிகத்துக்காக வெள்ளி வெளியேறியபோது அரிதாயிற்று. கையில் பொருளிருப்பு உடையோர் மலிவு நீங்கும் வரை காத்திருந்து மாற்றினர்.

மூன்றாவது, இடத் தேர்வு. வெள்ளியையோ பொன்னையோ சராப்பிடம் உடனே விற்கலாம். அன்றி நாணயச்சாலையில் கொடுத்துச் செலவு கழித்துப் புதுநாணயமாகப் பெறலாம். அன்றி வேற்றூருக்குக் கொண்டுசெல்லலாம். சென்னையும் புதுச்சேரியும் தனித்தனி நாணயச்சாலைகள் நடத்தியமையால், உலோகம் வைத்திருந்தோரைத் தம்பால் ஈர்க்க அவை போட்டியிட்டன. 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, நாணயச்சாலை உரிமையும் நாணய மதிப்பும் அன்றைய அரசியலில் எத்துணை முதன்மை பெற்றிருந்தன என்பதை விளக்கும் தமிழ் மூலமாகும். 1800இல் சென்னையிலிருந்து மைசூர் நோக்கிப் புறப்பட்ட பிரான்சிசு புக்கானன் தாம் சென்ற ஊர்களின் நாணயங்களையும் அவற்றின் மதிப்பையும் குறித்துவைத்தார். சில நாள் பயணத் தொலைவுக்குள்ளேயே வீதம் மாறுபட்டமை அவர் குறிப்புகளால் தெளிவாகிறது.

உலோகம், காலம், இடம் ஆகிய இம்மூன்று தேர்வுகளுக்கும் பொதுவான முன்நிபந்தனை ஒன்று உண்டு. இன்றைய உணவுக்கு இன்றே காசு மாற்றியாக வேண்டிய தேவை இருத்தலாகாது.

6. சிறுகாசின் விலை

படகோட்டியும் கட்டுமரக்காரரும் மீன் விற்கும் பெண்டிரும் பெற்றவை பணமும் காசும். அவர்கள் வாங்கிய அரிசி, உப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலையும் பெரும்பாலும் காசிலேயே இருந்தது. ஆகவே அன்றாடச் செலவில் வராகனின் ஏற்ற இறக்கம் அவர்களை நேரடியாகத் தாக்கவில்லை என்று வாதிடலாம். இவ்வாதம் ஓரளவு உண்மை. எனினும் வாழ்க்கையின் பெருஞ்செலவுகள் வேறு உலோகத்தில் கணக்கிடப்பட்டன. வரியும் குத்தகையும் வராகனில் எழுதப்பட்டன. நகையும் திருமணமும் பொன்னைக் கோரின. படகு கட்டவும் வலை வாங்கவும் பெற்ற பெருங்கடன் வராகனில் எழுதப்பட்டபோது, சிறுகாசு சேர்த்துத் திருப்புவோர் மாற்று வீதத்தின் பிடிக்குள் வந்தனர்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் ஒரு வராகன் கடன்பட்டிருக்க, ஏட்டு வீதம் 42 பணமாகவும் சந்தை வீதம் 45 பணமாகவும் இருப்பதாகக் கொள்வோம். அக்கடனைத் தீர்க்க அவர் கூடுதலாக 3 பணம், அதாவது 240 காசு, சேர்க்க வேண்டும். இது நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேற்பட்ட இழப்பு. வட்டி என்னும் பெயர் இல்லாமலேயே கடன் வளர்ந்துவிடுகிறது. அவருக்குக் கடன் கொடுத்தவரோ வராகன் ஏறினும் தம் பொன்மதிப்பைக் காத்துக்கொள்கிறார். வீதம் எதிர்த்திசையில் அசைந்து வராகன் மலிந்தால் கடனாளிக்கு நன்மை உண்டு. ஆனால் அந்நாளில் மாற்றுவதற்குரிய காசு அவர் கையில் இருந்தால்தான் அந்நன்மை கைகூடும். மழைக்காலத்திலும் கடல் கொந்தளிப்புக் காலத்திலும் வருவாய் அற்றுப்போகும் தொழிலில் அவ்வாய்ப்பு அரிது.

செப்புக்காசின் தட்டுப்பாடு இவ்விழப்பை மிகுவித்தது. சில்லறை இல்லாதபோது ஒரு வராகனையோ ரூபாயையோ உடைக்க வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. சில்லறை பெருகியபோது காசின் மதிப்பு தாழ்ந்தது. இரு நிலைகளிலும் இழப்பு சிறுகாசு வைத்திருந்தோரைச் சார்ந்தது.

இச்சிக்கலைத் தீர்க்கக் கம்பெனி இங்கிலாந்தில் இயந்திரத்தால் அச்சிட்ட செப்புக்காசுகளை இறக்குமதி செய்தது. வடசர்க்கார் பகுதிக்காக 1794இல் பர்மிங்காம் சோகோ நாணயச்சாலையில் அச்சிட்ட காசில் ‘ஒரு ரூபாய்க்கு 48’ என்னும் மாற்று வீதம் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. சென்னைக்காக 1803இல் அங்கேயே அச்சிட்ட 20 காசு நாணயத்தில், 20 காசு 4 பலூசுக்குச் சமம் என்று பாரசீகத்தில் எழுதப்பட்டிருந்தது. வீதத்தை நாணயத்தின் முகத்திலேயே எழுதிவிட்டால் சராப்பு அதை மாற்ற இயலாது என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அப்பொறிப்பைப் படிக்கத்தக்கவர் கடற்கரையில் மிகச் சிலரே. 1808ஆம் ஆண்டளவில் வெளியான வெள்ளி அரை வராகன், கால் வராகன் நாணயங்களில்தான் ஆங்கிலம், பாரசீகம் ஆகியவற்றுடன் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. கோபுரமும் திருமாலும் பொறித்த அந்நாணயங்கள், பொன் நாணயத்தின் பகுதியை வெள்ளியில் தந்து இரு உலோகங்களையும் இணைக்க முயன்றவை.

செப்புக்காசின் வரத்து எத்துணைத் தொலைவைச் சார்ந்திருந்தது என்பதற்கு ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பலின் கதை சான்று. சென்னைக்குரிய 10 காசு, 20 காசு நாணயங்கள் ஏறத்தாழ 48 டன் ஏற்றிய அக்கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்கே குட்வின் மணற்றிட்டில் சிக்கி மூழ்கியது. 1808 ஆண்டிட்ட அக்காசுகள் 20ஆம் நூற்றாண்டில் கடலடியிலிருந்து மீட்கப்பட்டு இன்று சேகரிப்பாளரிடம் விலைபோகின்றன. மயிலைக் கடற்கரையில் மீனுக்கும் படகுக்கூலிக்கும் கைமாறியிருக்க வேண்டிய சில்லறை அது.

7. 1818, 1835: உள்ளூர் வட்டத்தின் தளர்ச்சி

1818 சனவரி 7ஆம் நாள் அறிவிப்பால் சென்னை மாகாணத்தின் தர நாணயமாக வெள்ளி ரூபாய் ஏற்கப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என மாற்று வீதம் நிறுத்தப்பட்டது. வராகனில் எழுதப்பட்ட வருவாய்க் கணக்குகள் ரூபாய்க்கு மாற்றப்பட்டன. 1835ஆம் ஆண்டு 17ஆம் சட்டத்தால் 180 கிரெயின் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் உடைய ஒரே ரூபாய் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் பொதுவாயிற்று.

இச்சீர்திருத்தங்களின் நோக்கம் ஆட்சியின் கணக்கு வசதியும் வருவாய்ப் பாதுகாப்புமே. ஆயினும் விளைவு அதனினும் விரிந்தது. கூலியும் வரியும் கடனும் ஒரே உலோகத்தில் அமைந்தபோது, ஊர்விட்டு ஊர் செல்லும் சிறுகாசுக்காரர் இழந்துவந்த வட்டம் சுருங்கியது. சராப்பு நோட்டத்திலிருந்து விலகி வட்டிக்கடையையும் பொன் வணிகத்தையும் நோக்கி நகர்ந்தார். தமிழ்ப் பேச்சில் ‘பணம்’ என்பது ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயர் என்னும் நிலை மாறிப் பொதுப்பெயராக மட்டும் எஞ்சியது. 10 காசைக் குறித்த ‘துட்டு’ம் அவ்வாறே சென்னை வழக்கில் பொதுச்சொல்லாயிற்று. வராகனோ பழங்கணக்கின் சொல்லாக ஒதுங்கியது.

8. கடல் கடந்த வட்டம்

உள்ளூரில் சுருங்கிய நாணயமாற்றுச் சிக்கல், தமிழர் கடல் கடந்தபோது மீண்டும் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகச் சென்ற நாடுகளில் பர்மாவிலும் இலங்கையிலும் ரூபாயே வழங்கியது. அங்கு ஈட்டிய கூலியை ஊருக்கு அனுப்புகையில் அனுப்பும் செலவு உண்டு. உலோக வட்டம் இல்லை. மலாயாவின் நிலை வேறு. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தபோது, அங்கு ரூபாய் நீங்கி வெள்ளி டாலர் சட்டமுறை நாணயமாயிற்று.

தொடக்கத்தில் டாலரும் ரூபாயும் வெள்ளியே ஆதலால், அவற்றின் உறவு வெள்ளி அளவைப் பொறுத்தது. மெக்சிகோ டாலரில் இருந்த வெள்ளி ரூபாயினதைப் போல் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு. 1893 சூன் 26ஆம் நாள் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ரூபாயாக அச்சிட்டுத் தருவதை நிறுத்தியதும் இவ்வுறவு அறுந்தது. ரூபாய் வெள்ளியின் வீழ்ச்சியிலிருந்து விடுபட்டு, 1898 – 1899 அளவில் 16 பென்சு மதிப்பில் நிலைபெற்றது. டாலர் வெள்ளியோடு சேர்ந்து வீழ்ந்தது. 1902 இறுதியில் வெள்ளி விலை மிகத் தாழ்ந்தபோது டாலரின் ரூபாய் மதிப்பும் பெரிதும் சரிந்தது. 1906இல் நீரிணைக் குடியேற்ற டாலர் 28 பென்சில் நிறுத்தப்பட்டது. 1927இல் ரூபாய் 18 பென்சுக்கு உயர்த்தப்பட்டது.

மலாயாத் தோட்டத்தில் சேமித்த 10 டாலரை ஊருக்கு அனுப்பும் ஒருவரின் நிலையில் இதனைக் கணக்கிடலாம். வெள்ளி அளவின்படி முன்னர் ஏறத்தாழ 22 ரூபாய் 8 அணா கிடைத்திருக்கும். 1906ஆம் ஆண்டு வீதப்படி 17 ரூபாய் 8 அணா. 1927க்குப் பின் ஏறத்தாழ 15 ரூபாய் 9 அணா. வேலை நேரமும் டாலர்க் கூலியும் மாறாதிருப்பினும் ஊரில் உள்ள குடும்பத்தின் வரவு மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது. அஞ்சல் பணவிடையோ உண்டியலோ வசூலித்த கட்டணம் இதற்கு மேற்பட்டது. கட்டணம் கண்ணுக்குத் தெரிவது. வீத இழப்பு அவ்வாறு தெரிவதில்லை. இரங்கூன், பினாங்கு, கொழும்பு, சென்னை ஆகிய நகரங்களில் கடைகள் வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், உண்டியல்வழித் தொகைகளை ஒன்றுக்கொன்று ஈடுகட்டி, எந்த நாளில் எந்த நகரில் மாற்றுவது என்பதைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. தோட்டத் தொழிலாளர் கூலி வந்த நாளிலேயே, கிடைத்த வீதத்திலேயே அனுப்பினர். சாந்தோம் கடற்கரையில் கண்ட வேறுபாடே இங்கும் மீள்கிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, மயிலை – சாந்தோம் கடற்கரையில் நிலவிய நாணயப் பன்மையை வெறும் குழப்பமாகக் கருதவியலாது. அது பல அரசுகளையும் பல வணிகத் தொடர்புகளையும் இணைத்த ஓர் ஏற்பாடு. அவ்வேற்பாட்டின் செலவு சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதே சிக்கல்.

இரண்டு, நல்ல மாற்று வீதம் என்பது அறிவிக்கப்பட்ட எண்ணைச் சார்ந்தது அன்று. உலோகம், காலம், இடம் ஆகியவற்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சார்ந்தது. பால்பி போன்ற வணிகர் கையேடு எழுதி அவ்வுரிமையைப் பெருக்கிக்கொண்டனர். அவ்வணிகரைக் கரைசேர்த்தோர் காசின் பொறிப்பையே படிக்கவியலாத நிலையில் அதனை இழந்தனர்.

மூன்று, அரசு ஒரு வட்டத்தை ஒழிக்கும்போது அது பெரும்பாலும் மறைவதில்லை. அடுத்த எல்லைக்கு நகர்கிறது. 1835இல் மாகாண எல்லைக்குள் ஒடுங்கியது, 1893க்குப் பின் வங்கக் கடலின் மறுகரையில் வெளிப்பட்டது.

இம்மூன்றாம் முடிவு இக்காலத்துக்கும் பொருந்தும். அயல்நாட்டில் தானியங்கிப் பண இயந்திரத்தைப் பயன்படுத்தும் ஒருவரிடம், தொகையை அந்நாட்டு நாணயத்தில் பற்றெழுதவா, அவர்தம் சொந்த நாட்டு நாணயத்தில் பற்றெழுதவா என்னும் வினா பல வேளைகளில் எழுப்பப்படுகிறது. தாய்நாட்டு நாணயம் பழகியது என்பதால் அதனைத் தேர்வோர், இயந்திரத்தை நடத்துவோர் வகுத்த வீதத்தை ஏற்கின்றனர். அவ்வீதத்துக்குள் கூடுதல் விழுக்காடு அடங்கியிருப்பதே வழக்கம். உள்ளூர் நாணயத்தைத் தேர்வோருக்குத் தம் வங்கியும் அட்டை நிறுவனமும் பின்பற்றும் வீதம் கிடைக்கிறது. அது பெரும்பாலும் இதனினும் நயமானது. ‘கட்டணம் இல்லை’ என்னும் அறிவிப்புடன் இயங்கும் நாணயமாற்று நிலையங்களிலும் வட்டம் வீதத்துக்குள் மறைந்தே நிற்கிறது. நோட்டம் அறியாதவரிடம் கழிக்கப்பட்ட மூன்றாம் வகை வட்டத்தின் இக்கால வடிவம் இது.

தமிழகக் கடற்கரைச் சமூகங்களின் பொருளியல் வரலாறு பெரும்பாலும் மீன்பிடி, நிலவுரிமை ஆகிய இரண்டையும் மையமிட்டே எழுதப்படுகிறது. கூலி எந்த உலோகத்தில் வந்தது, கடன் எந்த உலோகத்தில் எழுதப்பட்டது என்னும் வினாக்களையும் அவற்றோடு சேர்த்தால், நொச்சிக்குப்பம் போன்ற குடியிருப்புகளின் வறுமையை விளக்கக் கூடுதலான ஒரு காரணம் கிடைக்கும். கூலியின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு எழுதப்படும் கூலி வரலாறு, மாற்று வீதத்தால் அக்கூலி இழந்த பகுதியைக் கணக்கில் கொள்ளாத வரலாறாகவே அமையும்.